டிக்கிக்குள் அகப்பட்ட திறப்பு

காரின் பின்பெட்டியை மூடும்போது எழுகின்ற ‘டப்’ என்னும் ஒலி, மற்றைய நாட்களிற் காதுக்கு இனிமையாகவே இருக்கும். பிரயாணம் முடிந்தது, பொருட்கள் பத்திரம் என்று சொல்லாமற் சொல்லும் ஒலி அது. ஆனால், அவ்வொலி எழுந்த மறுகணமே, ‘திறப்பு எங்கே?’ என்ற கேள்வி மனத்திலே தோன்றுமாயின், அப்பொழுது அடிவயிற்றில் உண்டாகும் கலக்கம் இருக்கிறதே, அதனை அநுபவித்தவர்களே அறிவர். சென்ற ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மல்லாவியிலே, மைத்துனர் கட்டிய புதுவீட்டு முற்றத்தில், அந்த அநுபவம் எமக்கு வாய்த்தது.

மாங்குளம் சந்தியில் யாழ்ப்பாண வீதியை விட்டு மேற்கே திரும்பிச் சென்றால் மல்லாவி வரும். வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்களுக்கு அண்மையிலுள்ள ஊர். துணுக்காய்ப் பகுதிக்கு அதுவே கடைத்தெரு. வீடு குடிபூரலுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து நானும் மனைவியும் சின்னம்மாவும் விடியற் கருக்கலிலே புறப்பட்டுச் சென்றோம். சின்னம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, நீரிழிவுக்காரி. வேளை தவறாமல் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். அவருடைய மருந்தும், ஊசியும், கிளினிக் கொப்பியும் அடங்கிய பையை, வழியில் வெயில் படாதிருக்கட்டும் என்று டிக்கிக்குள்ளே வைத்தவன் நானே.

முற்றத்திற் காரை நிறுத்தியதும் கதவுகள் நான்கையும் பூட்டினேன். பிள்ளைகள் நிறைந்த வீடல்லவா என்ற முன்யோசனை! பின்னர் டிக்கியைத் திறந்து, திறப்புக் கோர்வையை மருந்துப் பையின்மேல் வைத்துவிட்டு, வாழைக்குலையை இரு கைகளாலுந் தூக்கிக்கொண்டு, முழங்கையால் மூடியை அமர்த்தினேன். ‘டப்!’

எமது கார் ஜப்பானிலே 1990களிற் செய்யப்பட்டது. சாரதியின் ஆசனத்தருகே, தரையிலே, டிக்கியைத் திறப்பதற்கென ஒரு சிறு நெம்பு அதிலும் உண்டு. ஆனால், அந்த நெம்பிலிருந்து பின்னே செல்லும் கம்பி அறுந்து ஆறு மாதமாகியிருந்தது. ‘திறப்புத்தான் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டிருந்தேன். ஒரு சோம்பலுக்கு மற்றொரு மறதி துணையாகிவிட்டால் வேறு பகை வேண்டுமா?

இவ்விடத்தில், டிக்கியின் பூட்டு எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிந்துகொள்வது நன்று. மூடியிலே கொக்கி போன்ற ஓர் உறுப்பு உண்டு. காரின் உடம்பிலே வளைந்த இரும்புக் கம்பி ஒன்று நிற்கும். மூடியை அமர்த்தியதும் கொக்கி கம்பியைக் கவ்விக்கொள்ளும். வில்லொன்று அதனை விடாமற் பிடித்துக்கொள்ளும். ஆகவே, பூட்டுவதற்குத் திறப்பு வேண்டியதில்லை. திறப்பதற்கு மாத்திரமே அது வேண்டும். வீட்டுக் கதவைத் திறப்பில்லாமற் பூட்ட முடியாதென்று பழகிய எமக்கு, இந்த வேற்றுமை அவசரத்திலே நினைவுக்கு வருவதில்லை.

‘டிக்கி’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. இருவர் மாத்திரம் அமரக்கூடிய பழைய கார்களின் பின்புறத்திலே, பலகை போன்ற மூடியைத் திறந்தால் அதுவே சாய்மனையாக விரியும் ஓர் ஆசனம் இருந்தது. வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் அமர வேண்டிய அந்த இடத்தை ஆங்கிலேயர் ‘டிக்கி’ என்று அழைத்தனர். ஆசனம் மறைந்து சாமான் பெட்டி வந்த பின்னர் ஆங்கிலேயர் அதற்கு வேறு பெயரிட்டுக்கொண்டனர். இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள நாம் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

நிற்க. முற்றத்திலே கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் அலவாங்கு கொண்டுவரப் புறப்பட்டார். மற்றொருவர், பின்கதவிலுள்ள சிறிய முக்கோணக் கண்ணாடியை உடைத்தாற் செலவு குறைவு என்றார். அந்தச் சிறிய கண்ணாடியைத் தேடிப் பெறுவதுதான் பெரிய கண்ணாடியிலும் கடினம் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்! அலவாங்கு வேலையைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரையில் இந்நாட்டிற்குத் தனியார் கார்களின் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையாற் பழைய கார்கள் பொன் விலைக்கு ஏறியிருந்தன. அத்தகைய காரின் மூடியை நெம்பி வளைத்துவிட்டால், அது மறுபடியும் மழைநீர் புகாமல் மூடும் என்பதற்கு உறுதியில்லை.

எனது மனைவியோ, ஒன்றும் பேசாமல் யாழ்ப்பாணத்திலிருந்த எனது தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, அலுமாரியிலிருக்கும் மற்றத் திறப்பை எடுத்து, வவுனியா பஸ் ஒன்றில் நடத்துநர் கையிற் கொடுத்துவிடும்படி கூறினார். எமது நாட்டிலே இதைவிட நம்பிக்கையான தபால் வேறில்லை. மாங்குளம் சந்தியிலே யாராவது நின்று வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால், அது வந்து சேர நண்பகல் கடந்துவிடும். சின்னம்மாவின் மருந்தோ உள்ளே கிடந்தது. காலை ஊசியை அவர் புறப்படு முன்னரே ஏற்றிக்கொண்டார்; மாலை ஊசிக்கு நேரமிருந்தது. இருந்தும், வெயில் ஏற ஏற எம்மெல்லோருக்கும் ஒரே நினைவு: அந்த இரும்புப் பெட்டிக்குள்ளே மருந்து என்ன ஆகும்?

அப்பொழுதுதான் மைத்துனர், அயலிலுள்ள மெக்கானிக் ஒருவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தார். அறுபத்தைந்து வயது மதிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆகையாற் கராச் பூட்டு. குடிபூரலுக்கு வருவதற்காக உடுத்த வெள்ளை வேட்டியுடனேயே வந்துவிட்டார். கையிலே ஒரு சிறு தகரப் பெட்டி. காரைத் தொட முன்னர் அவர் என்னிடம் கேட்ட முதலாவது கேள்வி பூட்டைப் பற்றியதன்று.

“தம்பி, உள்ளுக்கு என்ன கிடக்குது? உயிருள்ளது ஏதும் இருக்கோ?”

“இல்லை அண்ணை. சின்னம்மாவின்ரை இன்சுலின்தான் கிடக்குது.”

“அப்ப முதல் இரண்டு சாக்கை நனைச்சுக் கொண்டு வரச் சொல்லும்.”

நனைத்த சாக்குகளை டிக்கி மூடியின்மேல் விரித்தார். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஈரம் காயக் காய இரும்பின் சூடு தணியும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே நியாயந்தான். கூட்டத்திலே நின்ற நாம் அனைவரும் திறப்பதைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருக்க, அவர் ஒருவரே உள்ளே இருப்பதைப் பற்றிச் சிந்தித்தார். இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியிலே 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் வைப்பர். பாவனைக்கு எடுத்ததை 30 பாகைக்கு மேற்படாத சாதாரண அறைச் சூட்டிலே ஏறக்குறைய நான்கு வாரம் வைத்திருக்கலாம். அதற்கு மேற் சூடேறினால் மருந்தின் வலிமை குறையும். பார்வைக்கு மாற்றம் தெரியாமலே குறையவுங் கூடும் என்பதுதான் ஆபத்து. வெயிலில் நிற்கும் பூட்டிய காரின் உட்புறமோ விரைவிலே சூடேறுவது. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு மணி நேரத்தில் அது சராசரி 22 பாகை செல்சியஸ் உயர்ந்தது. அதிலும் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிட்டது.

அவருடைய இரண்டாவது கேள்வி, கார் யாருடையது என்பது. மைத்துனர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த வருமான உத்தரவுப் பத்திரத்தைக் குனிந்து பார்த்து, எனது அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்த பின்னரே பெட்டியைத் திறந்தார். பூட்டைத் திறக்கத் தெரிந்தவனுக்கு இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் ஊரிலே அவனுக்கு வேறு பெயர் வந்துவிடும் அல்லவா!

முதலிற் கதவு. மரத்தாற் சீவிய மெல்லிய ஆப்பு ஒன்றைத் துணியிலே சுற்றி, கதவின் மேல் மூலையிலுள்ள றபர் விளிம்பினூடே மெல்லச் செலுத்தினார். ஒரு விரல் நுழையுமளவுக்கு இடைவெளி உண்டாயிற்று. சாமான் பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்ரிக் நாடா ஒன்றை இரண்டாக மடித்து, நுனியிலே சுருக்கிட்டு, அவ்விடைவெளியால் உள்ளே இறக்கி, கண்ணாடியோரத்துப் பூட்டுக் குமிழிலே மாட்டி மேலே இழுத்தார். மூன்றாம் முறையிற் குமிழ் எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இந்த உபாயம் குமிழுள்ள பழைய கார்களுக்கே பொருந்தும். புதிய கார்களிற் குமிழ் இருப்பது அரிது. அவற்றின் கதவுக்குள்ளே தகட்டை விட்டுக் கிளறுவதோ ஆபத்தான வேலை; மின் கம்பிகளும், விபத்தின்போது காற்றுப் பையை விரிக்கும் கருவிகளும் அங்கே இருக்கக்கூடும்.

கதவு திறந்தது, ஆயினும் டிக்கி திறக்கவில்லை. நெம்பின் கம்பிதான் அறுந்து கிடக்கிறதே. பெரியவர் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுஞ் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் மறுமொழி கூறவில்லை.

“பின் சீற்றைக் கழட்டுவம்” என்றார்.

காருக்குள்ளே இருந்து டிக்கிக்குச் செல்லும் வழி இதுவே என்பதைப் பலர் அறியார். பின்பக்கமாகத் திறக்கும் கதவுள்ள சிறு கார்களில் இதற்கு அவசியமே இல்லை. பின்னாசனத்தின் சாய்மனையை மடித்தாற் சாமான் பகுதி முழுவதும் கைக்கு எட்டும். டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்களிற் சிலவற்றிலும் சாய்மனை மடியும். மடியாத கார்களில் அதனைக் கழற்றுதல் வேண்டும். இருக்கும் மெத்தையை முன்புறமாகத் தூக்கினாற் கொளுவி விட்டுவிடும். அதன் கீழே சாய்மனையைப் பிடித்திருக்கும் இரண்டு சுரைகள் தெரியும். அவற்றைக் கழற்றிச் சாய்மனையை மேல்நோக்கி உயர்த்தினால் அது கையோடு வந்துவிடும். எமது காரில் அதற்கு அப்பால் ஒரு தகரச் சுவர் இருந்தது. அச்சுவரிலே கை நுழையக்கூடிய இரண்டு பெரிய துளைகள். அவற்றினூடே இருள். இருளுக்குள்ளே சின்னம்மாவின் பை.

எட்டு வயதான மருமகன் இதையெல்லாம் கண்கொட்டாமற் பார்த்துக்கொண்டிருந்தான். “தாத்தா, நான் ஒல்லி. நான் உள்ளுக்குப் போய் எடுத்துத் தாறன்” என்று முன்வந்தான். சுற்றி நின்றோர் சிரித்தனர். அவன் தகப்பனாரும் சம்மதிப்பவர் போலத் தலையாட்டினார். பெரியவர் ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“பிள்ளையளுக்கு இந்த வழியைப் பழக்கக் கூடாது” என்று கண்டிப்பாகக் கூறினார்.

அவர் சொன்னதன் கனம் எனக்கு அப்பொழுது முழுதும் விளங்கவில்லை. வீடு திரும்பிய பின்னர் தேடிப் படித்தபோதுதான் விளங்கிற்று. 1998 ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவிலே, சில வாரங்களுக்குள், மூன்று வெவ்வேறு சம்பவங்களில் 11 பிள்ளைகள் கார் டிக்கிகளுக்குள் அகப்பட்டு உயிரிழந்தனர். விளையாட்டாக ஏறியவர்கள், மூடி தானாகவே பூட்டிக்கொண்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1995 இல், சான் பிரான்சிஸ்கோ நகரிலே ஜனெற் ஃபென்னல் என்னும் பெண்மணியையும் கணவரையும் கொள்ளையர் அவர்களது காரின் டிக்கிக்குள்ளேயே அடைத்துக் கொண்டுசென்றனர். அவர்களோ இருளிலே கைகளாற் துழாவி, மூடியைத் திறக்கும் கம்பியைக் கண்டுபிடித்து உயிர் தப்பினர். அதன் பின்னர் அப்பெண்மணி ஓயவில்லை. ஒவ்வொரு டிக்கிக்குள்ளும் உள்ளிருந்தே திறக்கத்தக்க ஒரு பிடி இருக்க வேண்டுமென்று போராடினார். 2001 செப்தெம்பர் முதலாந் திகதியிலிருந்து அங்கே விற்கப்படும், டிக்கியுள்ள புதிய கார்கள் யாவற்றுக்கும் அது சட்டமாயிற்று. இருளிலும் ஒளிரும் சிறு பிடி அது. அகப்பட்டவர் அதனை இழுத்தால் மூடி திறந்துகொள்ளும்.

அந்தச் சட்டம் அமெரிக்காவிற் விற்கப்படும் கார்களுக்கானது. ஜப்பானியச் சந்தைக்கெனச் செய்யப்பட்டு, ஓடிப் பழகி, பின்னர் எமது வீதிகளுக்கு வந்து சேரும் கார்களிலும் அப்பிடி இருக்குமென நம்பியிருத்தல் ஆகாது. தாய்மாரே, உங்கள் வீட்டுக் காரின் டிக்கியை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். பிடி இல்லையாயின், திறப்பைப் பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியிலே மாட்டுங்கள். ஒரு பிள்ளை உள்ளே அகப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தாலோ, மெக்கானிக்கையும் தேட வேண்டா, மற்றத் திறப்பையும் எதிர்பார்க்க வேண்டா. பக்கக் கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறந்து, ஆசனத்தருகிலுள்ள நெம்பை இழுங்கள். முன்கண்ணாடியை உடைக்க முயலாதீர்கள். அது இரண்டு கண்ணாடிகளுக்கிடையே மென்தகடு வைத்து ஒட்டப்பட்டதாகையால் வெடிக்குமேயன்றி இலகுவில் வழிவிடாது. ஒருவர் உடைக்கும்போதே மற்றொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கட்டும். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்கிற்கும் வந்துவிட்டது.

எமது கதைக்குத் திரும்புவோம். பெரியவர் வேலிக் கம்பித் துண்டொன்றை நீட்டி நிமிர்த்தி, நுனியைத் தூண்டில் போல வளைத்துத் துளையினூடே விட்டார். ஒருவர் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை மற்றத் துளையினூடே பிடித்தார். திறப்புக் கோர்வை மினுங்கியது. நான், “அண்ணை, அந்தா திறப்பு!” என்று கூவினேன்.

“திறப்பு நிக்கட்டும். முதல் மருந்து” என்றார்.

பையின் காதிலே கம்பி மாட்டிற்று. மெல்ல மெல்ல அதனை அண்மையில் இழுத்து, துளையோரத்திற் பிடித்து, பையைத் திறந்து, குளிர் உறையோடு மருந்துக் குப்பியை வெளியே எடுத்தார். என் மனைவி அதனை ஓடிச் சென்று மைத்துனர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலே வைத்தார். சின்னம்மா அதுவரையில் விறாந்தையில் இருந்து தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பொழுதுதான் எழுந்துவந்து, பெரியவருக்குத் தம் கையாலேயே தேநீர் கொடுத்தார். பையை இழுத்தபோது திறப்பு சரிந்து அப்பால் விழுந்துவிட்டமையால், அதனைத் தூண்டுவதற்கு மேலும் கால் மணி நேரம் சென்றது.

கம்பியால் தூண்டிக்கொண்டே அவர் பழைய நாட்களைச் சொன்னார். 1990 தொடக்கம் 2002 வரையில், வன்னிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்திலே, அவர் ஒரு மொறிஸ் மைனர் கார் ஓட்டியவர். 1948 இல் இங்கிலாந்திலே வெளிவந்து, பதினாறு இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்ட கார் அது. அதைச் செய்தவர்கள், அது மண்ணெண்ணெயில் ஓடும் என்று கனவிலுங் கருதியிருக்கமாட்டார்கள். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு யந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையைக் கண்டே கார் வருவதை அறியலாம். 1995 இன் இறுதியிலும் 1996 இலும் யாழ்ப்பாணத்தவர் பெருந்தொகையாக வன்னிக்குப் பெயர்ந்தபோது, மல்லாவியிலே மரநிழல் கிடைத்தவர்களும் பாக்கியசாலிகள். அந்நாளில் அந்தக் காரின் டிக்கி மூடியதே இல்லையாம். நெல்மூடை, தையல் மெசின், கட்டில் கால்கள், ஒருமுறை ஆட்டுக்குட்டிகள் இரண்டு. மூடியைக் கயிற்றாற் கட்டிக்கொண்டே ஓடியிருக்கிறார். திறப்புத் தொலைந்தாற் புதியது வாங்க வழியில்லை. இரும்புத் தகட்டை அராவித் தாமே செய்துகொள்வார்.

“அந்தக் கார் இப்ப எங்கை அண்ணை?” என்று கேட்டேன்.

2008 இல் போர் நெருங்கியபோது ஊரோடு ஊராகக் காரையும் கொண்டு கிழக்கே போனதாகவும், 2009 இல் அதனை முள்ளிவாய்க்காலிலே விட்டுவிட்டு நடந்து வந்ததாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே தகரப் பெட்டிக்குள் வேறொரு கம்பியைத் தேடினார். சுரைகளுக்கும் ஆணிகளுக்குமிடையே, அராவிய தழும்போடு ஒரு பழைய திறப்புக் கிடந்தது. அதைப் பற்றி நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. அதனை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டார்.

தற்காலக் கார்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. திறப்பைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு பொத்தானை அமர்த்தியே ஓட்டும் கார்கள் இப்பொழுது மல்லாவியிலுங் காணப்படுகின்றன. உள்ளே திறப்பு இருந்தால் அவை பூட்ட மறுத்து ஒலியெழுப்பும் என்பர். பெரும்பாலும் உண்மை. ஆயினும், திறப்பு ஒரு பிஸ்கற் தகரத்துக்குள்ளோ, இரும்புச் சாமான்களுக்கிடையிலோ கிடந்தால், அதன் அலை காருக்கு எட்டாது போகலாம். திறப்பின் சிறு பற்றரி இறந்தாலும் அப்படியே. அத்தகைய திறப்பின் உள்ளே சாதாரண உலோகத் திறப்பொன்று ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுக்கும் விதத்தை நல்ல நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டும். வேறொரு வேடிக்கையும் உண்டு. ரொயோட்டா பிரியஸ் காரின் இரண்டாந் தலைமுறையிலே 12 வோல்ற் பற்றரி பின்பகுதியிலே இருக்கின்றது. பின்கதவைத் திறப்பதும் மின்சாரமே. பற்றரி இறந்தால் அக்கதவு திறவாது. கதவு திறவாவிட்டாற் பற்றரியைத் தொட முடியாது! அதற்காகவே பொனற்றின் கீழுள்ள பியூஸ் பெட்டியில் ஒரு முனை வைத்திருக்கிறார்கள். மற்றொரு காரின் பற்றரியிலிருந்து அங்கே மின்சாரம் கொடுத்தாற் பின்கதவு திறக்கும்.

பதினொரு மணியளவிலே திறப்புக் கோர்வை துளையினூடே வெளியே வந்தது. மூடியைத் திறந்து, சாய்மனையைப் பூட்டி, மெத்தையை அமர்த்திய பின்னரும் பெரியவர் போகவில்லை. அறுந்த கம்பியின் முனையைத் தேடிப் பிடித்து, தமது பெட்டியிலிருந்த சைக்கிள் பிறேக் கம்பித் துண்டொன்றை அதனோடு இணைத்தார். நெம்பை இழுத்தேன். ‘டப்’ என்று மூடி எழுந்தது. பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். மைத்துனர் வற்புறுத்தியதன் பேரில், இத்தனைக்குங் காரணமான அந்த வாழைக்குலையில் ஒரு சீப்பை மாத்திரம் எடுத்துக்கொண்டார்.

நாம் பந்தியில் அமர்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருக்கையிலே தொலைபேசி மணி அடித்தது. மாங்குளம் சந்தியிலே பஸ் நிற்கின்றதாம். திறப்பை வாங்க எவரையுங் காணவில்லையே என்று நடத்துநர் கோபித்துக்கொண்டார். மைத்துனர் கை கழுவாமலே மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார்.